அவள் சொன்னபடியே எழுதுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் பெண்களின் வாய்ச்சொல்லைத் தாளில் ஏற்றுகிற எல்லோருக்கும்: காவல் நிலைய ரைட்டர்களுக்கும், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர்களுக்கும், நீதிமன்றத் தட்டச்சர்களுக்கும், வக்கீல் குமாஸ்தாக்களுக்கும், கிராம நிர்வாக அலுவலர்களுக்கும், செய்தியாளர்களுக்கும்.

உங்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. மனு வாங்கும் கலெக்டரின் படம் பேப்பரில் வரும். தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் பெயர் செய்தியில் வரும். ஆனால் ஒரு பெண் தனக்கு நடந்ததை முதன்முதலில் வாய்விட்டுச் சொல்வது உங்கள் எதிரில் நின்றுதான். பிறகு அந்த விவகாரம் எத்தனை மேசை ஏறினாலும், எத்தனை வருஷம் இழுத்தாலும், எல்லோரும் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்ப்பது நீங்கள் எழுதிய அந்த முதல் தாளைத்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் ஊர்ப் பக்கம் பெண்கள் நடந்ததைச் சொல்லும் விதம் வேறு, ஆண்கள் சொல்லும் விதம் வேறு. வளர்ப்பும் வழக்கமும் அப்படி ஆக்கி வைத்திருக்கின்றன. அரசாங்கத் தாளோ ஆண்கள் சொல்லும் விதத்துக்குப் பழகியது. அதனால் பெண்ணின் பேச்சு தாளில் ஏறும்போது பாதி உதிர்ந்துபோகிறது. உதிர்ந்த பாதியில்தான் பெரும்பாலும் ஆதாரம் இருக்கிறது. தயவுசெய்து அதை உதிர விடாதீர்கள்.

ஒரு திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம். மக்கள் குறைதீர்க்கும் நாள். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்த ஒரு பெண், மனு எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்து இப்படிச் சொல்கிறாள் என்று வையுங்கள்:

“எங்கம்மா வூடு பாலக்கோட்டுப் பக்கங்க. அப்பா இல்ல, அண்ணன்தான் கட்டிக் குடுத்துச்சு. அஞ்சு பவுன் பேச்சு, மூணு போட்டாங்க, ரெண்டு பாக்கி. மொதப் பொண்ணு பொறந்தப்பவே மாமியா வந்து பாக்கல. ரெண்டாவதும் பொண்ணாப் போச்சு. அன்னிலேருந்து இவரு சரியில்லீங்க. போன வாரம் சந்தை அன்னிக்கு ராத்திரி குடிச்சிட்டு வந்தாரு. சோறு போட்டு வெச்சேன், தட்டை எட்டி ஒதைச்சாரு. சோறெல்லாம் புள்ளை மேல கொட்டிப்போச்சு. சின்னது பயந்துக்கினு கட்டிலுக்கு அடியில பூந்துக்கிச்சு. அப்புறம் முடியப் புடிச்சு வாசப்படி வரைக்கும் இழுத்துக்கினு வந்தாரு. பக்கத்து வூட்டு அக்காதான் ஓடியாந்து வெலக்கி வுட்டாங்க.”

இது மனுவாகும்போது என்ன ஆகிறது? “எனது கணவர் தினமும் மது அருந்திவிட்டு வந்து என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டியும், அடித்து உதைத்தும், மன உளைச்சல் ஏற்படுத்தியும் வருகிறார். எனவே சமூகம் அவர்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் வேண்டுமென்றே எழுதிய பொய் இல்லை. எழுதியவர் கெட்ட எண்ணத்தோடும் எழுதவில்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள், ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும். ஆனால் எதெல்லாம் போய்விட்டது என்று பாருங்கள். பாக்கி வைத்த ரெண்டு பவுன் போய்விட்டது. அது வரதட்சணைக் கொடுமைக்கான ஆதாரம். பெண் பிறந்ததற்காக ஒதுக்கியது போய்விட்டது. சந்தை நாள் போய்விட்டது, அதுதான் தேதி. வாசற்படி போய்விட்டது, அதுதான் இடம். பக்கத்து வீட்டு அக்கா போய்விட்டாள். அவள்தான் நேரில் பார்த்த சாட்சி. மிஞ்சியது இந்த மாவட்டத்தில் யாருடைய மனுவிலும் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கியம். அதைப் படிக்கும் அதிகாரிக்கு அதில் ஒரு பெண் தெரிவதில்லை, ஒரு மனு எண்தான் தெரிகிறது.

சட்டம் இப்படி எழுதச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் விதிகளில் முதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பாதுகாப்பு அலுவலர் நிரப்ப வேண்டிய படிவம் அது. என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணி என்று தனித்தனியாகக் கேட்கிறது. சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் பணம் தராதது, வரதட்சணை கொண்டு வரவில்லை என்று பேசுவது, ஆண் குழந்தை பெறவில்லை என்று இழிவுபடுத்துவது எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. சட்டத்தை வகுத்தவர்களுக்கு அந்தப் பெண் எங்கே தொடங்கினாள், ஏன் அங்கே தொடங்கினாள் என்பது புரிந்திருக்கிறது. புரியாமல் நிற்பது நம் மேசைகளில் ஊறிப்போன எழுத்து நடைதான்.

பெண் குழந்தை பிறந்த கதையை அவள் இழுப்பதை வீண்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். 2001 கணக்கெடுப்பின்போது நம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நம் மாவட்டத்துக்கும் வந்தது ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2011இல் அந்த எண் 913 ஆக உயர்ந்தது. அந்த இடைவெளிக்குள் வாழ்ந்த பெண்கள்தான் இன்று உங்கள் எதிரில் வந்து உட்காருகிறார்கள். ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். பெயரிலேயே வேண்டாம் என்று எழுதப்பட்ட ஒருத்தி, தன் மகள் பிறந்த நாளிலிருந்து கதையைத் தொடங்குவதில் என்ன வியப்பு இருக்கிறது?

“விஷயத்துக்கு வாம்மா” என்ற அதட்டல் எந்த ஆபீஸிலும் கேட்கும். அவள் விஷயத்தில்தான் இருக்கிறாள். அவளுடைய வரிசை உங்களுடைய வரிசை இல்லை, அவ்வளவுதான். இழவு வீட்டில் ஒப்பாரி கேட்டிருப்பீர்கள். அங்கே ஒரு பெண் சாவிலிருந்து தொடங்க மாட்டாள். பிறந்த வீடு, வளர்த்த விதம், கட்டிக்கொடுத்த நாள், வந்த சீர், வராத சீர், நோயில் எட்டிப் பார்க்காத உறவு என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வருவாள். ஏமாற்றிய பங்காளி அதே பந்தலில் உட்கார்ந்திருப்பான், பெயரைச் சொல்லாமலே அவனை ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். அங்கே யாரும் அவளை அவசரப்படுத்துவதில்லை. தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் ஊர் நடுவில் நீளமாகப் பேச முடிந்த இடங்கள் மிகக் குறைவு, ஒப்பாரி அதில் ஒன்று. நியாயத்தை எப்படி எடுத்து வைப்பது என்பதை அவர்கள் அங்கே கற்றார்கள். அந்த வரிசையோடுதான் உங்களிடம் வருகிறார்கள்.

ஆண் மனுக் கொடுக்க வந்தால் சர்வே நம்பர், பட்டா நம்பர், தேதி என்று பேசுகிறான். அவன் புத்தி கூர்மையானது என்பதால் அல்ல. பட்டா அவன் பெயரில் இருக்கிறது. தாலுகா ஆபீஸுக்கு நடந்து பழகியவன் அவன். டீக்கடையிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் வழக்குப் பேசிப் பேசி அவன் நாக்கு அந்த நடைக்குத் திரும்பியிருக்கிறது. பெண்ணின் நாட்காட்டி வேறு. ரேஷனில் அரிசி போட்ட அன்றைக்கு, கடைசி பஸ் போன பிறகு, மாட்டில் பால் கறக்கிற நேரத்தில், மாரியம்மன் பண்டிகைக்கு மறுநாள் என்றுதான் அவள் சொல்வாள். ஒவ்வொன்றும் கடிகார நேரத்தைப் போலவே சரிபார்க்கக் கூடியது. ரேஷன் கடையில் பதிவு இருக்கிறது, பஸ்ஸுக்கு நேர அட்டவணை இருக்கிறது, பால் சொசைட்டியில் நோட்டு இருக்கிறது. அதை அடித்துவிட்டு “சுமார் 8 மணியளவில்” என்று நீங்களாகப் போட்டால், நாளைக்குக் கூண்டில் நிற்கப்போவது அவள்.

அங்கேதான் ஆபத்து. பெண் நீதிமன்றத்தில் வாசற்படியையும் கட்டிலையும் சொல்கிறாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “இதையெல்லாம் நீங்கள் போலீஸில் சொல்லவில்லையே” என்கிறார். அவள் சொல்லியிருக்கிறாள், தாளில் இல்லை. போலீஸ் விசாரணை வாக்குமூலத்தில் விடுபட்ட முக்கியமான செய்தியை முரண்பாடாகவே எடுத்துக்கொள்ள நம் சட்டம் இடம் தருகிறது. அந்த வாக்குமூலத்தில் அவள் கையெழுத்துகூட வாங்குவதில்லை, அதில் இருப்பது முழுக்க எழுதியவரின் நடை. எழுதுகிறவர் இடம் போதாது என்று விட்ட ஒரு வரி, சொன்னவளின் பொய்யாக மாறிப்போகிறது.

அடுத்து மரியாதை. “அடிச்சாருங்க, மண்டை ஒடைஞ்சிப்போச்சுங்க” என்று அவள் சொல்வாள். அடித்தவனுக்கும் ‘அவர்’. கேட்கிறவருக்கும் ‘ங்க’. “இவ்வளவு மரியாதையாச் சொல்றியே, அப்புறம் என்னத்துக்குக் கம்ப்ளைன்ட்?” என்று காவல் நிலையத்தில் சிரிப்பவர்கள் உண்டு. அந்த மரியாதை அவன் சம்பாதித்தது அல்ல, அவள் வாயில் சிறு வயதிலேயே ஊட்டப்பட்டது. புருஷன் பெயரைக் கேட்டால் வயதான பெண்கள் இன்றும் பக்கத்தில் நிற்கும் பேரனைப் பார்ப்பார்கள், ஆதார் அட்டையை நீட்டுவார்கள். அதைத் தயக்கம் என்றோ மறைக்கிறாள் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே மேசையில் அவளுக்குக் கிடைப்பது ‘நீ’. “என்னம்மா, சொல்லு.” கூட வந்த தம்பிக்கு “வாங்க, உக்காருங்க.” அவளைப் பற்றிப் பக்கத்து மேசைக்குச் சொல்லும்போது “அது காலையிலேருந்து உக்காந்திருக்கு.” வீட்டில் பாசத்தோடு சொல்கிற ‘அது’வுக்கும் அரசாங்க நாற்காலியிலிருந்து வருகிற ‘அது’வுக்கும் உள்ள தூரம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கேள்வியை அவளிடம் கேட்டு, பதிலைத் தம்பியிடம் வாங்கிக்கொள்வதும் நடக்கிறது. எழுதி முடித்த தாளில் கடைசியில் அவளுடையது என்று இருப்பது கைநாட்டு மட்டும்தான்.

பாலியல் குற்றங்களுக்கு வரும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. உடம்பின் உறுப்புகளுக்கு நம் தெருக்களில் புழங்கும் பெயர்கள் ஆண்கள் திட்டுவதற்கு வைத்திருக்கும் சொற்கள். அவற்றைச் சொன்னால் அவள் கெட்டுப்போனவள். புத்தகத்தில் உள்ள சொற்களோ அவளுக்கு யாரும் கற்றுத் தராதவை. அதனால் “தப்பா நடந்துக்கிட்டான்” என்பாள், “கெடுத்துட்டான்” என்பாள், “இங்க” என்று கையால் காட்டுவாள், அழுவாள், பேசாமல் இருப்பாள். அந்த இடத்தில் எழுதுகிறவர் தன் சொந்தத் தமிழைக் கொண்டுவந்து நிரப்புகிறார். “ஆசை வார்த்தை கூறி”, “உல்லாசமாக இருந்து”, “கற்பைச் சூறையாடி.” குற்றப் பத்திரிகையிலும் நாளிதழிலும் வந்துகொண்டே இருக்கும் இந்தச் சொற்கள் எந்தப் பெண்ணின் வாயிலிருந்தும் வந்தவை அல்ல. 13 வயதுக் குழந்தை விவகாரத்தில் ‘உல்லாசம்’ என்று எழுதும் கை, யாருடைய கண்ணால் அந்தச் சம்பவத்தைப் பார்க்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

பேசாமல் இருந்ததைச் சம்மதமாகப் படித்த கதையும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 1972இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணுக்குக் காவலர்கள் கொடுமை இழைத்த வழக்கில், உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை என்று காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பணிந்து போவது வேறு, சம்மதிப்பது வேறு என்று அந்த மடல் வாதிட்டது. நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்கொடுமையில், நான் சம்மதிக்கவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால் அவள் சொல்லையே நீதிமன்றம் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்ற நிலை வந்தது.

அதன் பிறகு சட்டம் இன்னும் சில படி ஏறியிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தை பேசியபடியே பதிய வேண்டும் என்று நேராகவே சொல்கிறது. பாலியல் குற்றம் பற்றிப் பெண் தரும் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும் என்பது 2013 திருத்தத்தில் வந்து, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவிலும் தொடர்கிறது. எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றமே பெண்களைப் பற்றி நீதிமன்றங்களில் புழங்கும் பழைய சொற்களையும் எண்ணங்களையும் களைவதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. எழுத வேண்டிய விதம் எங்கோ தொலைவில் இல்லை, உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பெண் எழுதினால் தானாகச் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்தன. அங்கே எழுதும் சகோதரிகளுக்கும் இந்த மடல் பொருந்தும். “குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், அனுசரிச்சுப் போ” என்று சொல்லி, வழக்காகப் பதியாமல் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டு அனுப்பிவைப்பது பெண் குரலிலும் நடக்கிறது. நாற்காலியும் படிவமும் பழக்கமும் ஒன்றாக இருக்கும்போது உட்கார்ந்திருப்பவர் மாறினால் மட்டும் போதாது.

இனி வாச்சாத்திக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் பெண்களின் சொல்லைப் பற்றிப் பேசும் யாரும் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது.

1992 ஜூன் 20. அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 பேர் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் இறங்கினார்கள். ஊரை ஆலமரத்தடியில் கூட்டினார்கள். இளம்பெண்களைப் பிரித்து ஏரிப்பக்கம் கொண்டுபோனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. பெண்களை அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்து, பிறகு சேலம் சிறையில் அடைத்தார்கள். அன்றைய அரசாங்கத் தாள்களில் அவர்கள் சந்தனம் கடத்திய குற்றவாளிகள். அவர்கள் உடம்புக்கு நடந்தது அந்தத் தாள்களில் இடம் பெறவில்லை.

ஆனால் அவர்கள் சொன்னார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரிடம் சொன்னார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி நேரில் போய்க் கேட்டபோது சொன்னார்கள்; அவர் கேட்டதை அறிக்கையாக எழுதினார். அதிகாரிகள் மறுத்தார்கள். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்த பிறகு, அவர்களிடமும் சொன்னார்கள். படிப்பு அதிகம் இல்லாத, காட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் போகிற பெண்கள், ஊருக்குள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஒன்றை வக்கீல்கள் முன்னால், குறுக்கு விசாரணைக்கு நடுவில், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மரத்தடியைச் சொன்னார்கள், ஏரியைச் சொன்னார்கள், ஆட்களை அடையாளம் காட்டினார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள், அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள். மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் தானே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களின் சாட்சியம் நம்பத் தகுந்தது என்றார். ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் ஆணையிட்டார். 31 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் அந்த வழக்கைத் தாங்கி நின்றது, எந்த மரத்தடி, எந்த ஏரி, யார் என்று சொல்லத் தெரிந்த பெண்களின் வாய்மொழி. “அடித்தும் துன்புறுத்தியும்” என்ற ஒற்றை வரியாக அது சுருங்கியிருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

பெண்களுக்குச் சுருக்கமாக, உறுதியாகப் பேச வராது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1975இல் ராபின் லேக்காஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர், தயங்கித் தயங்கி, கேள்வி போல இழுத்து, அளவுக்கு மேல் மரியாதை சேர்த்துப் பேசுவது பெண்களின் மொழி என்று எழுதினார். பிறகு வில்லியம் ஓபார், போமன் அட்கின்ஸ் என்ற இருவர் அங்குள்ள நீதிமன்றங்களில் உட்கார்ந்து சாட்சிகளின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். 1980இல் வந்த அவர்களுடைய கட்டுரை வேறொன்றைச் சொன்னது. நிபுணராகச் சாட்சி சொல்ல வந்த படித்த பெண்களிடம் அந்தத் தயக்கம் குறைவு. சமூகத்தில் கீழே வைக்கப்பட்ட ஆண்களிடம் அது நிறைய. அதிகாரம் இல்லாதவர் பேசும் விதம் அது, அதிகாரம் பெரும்பாலும் பெண்ணிடம் இல்லாததால் அது பெண்ணின் பேச்சாகத் தோன்றுகிறது என்றார்கள். நம் தாசில்தார் எதிரில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் கூலிக்காரரைக் கவனியுங்கள். அவரும் இழுப்பார், அவரும் “ங்கய்யா” என்பார். உங்கள் எதிரில் தயங்கும் அதே பெண் ஒகேனக்கல் தண்ணீர் வராத அன்றைக்குக் குழாயடியில் பேசுவதையும், நூறு நாள் வேலையில் கூலி குறைந்த அன்றைக்குப் பணித்தளத்தில் பேசுவதையும் கேளுங்கள். உங்கள் மேசை எதிரில் தடுமாறுவது அவளுடைய நாக்கின் குறை அல்ல. அந்த மேசை செய்கிற வேலை.

சுற்றி வளைத்துப் பேசுவதும் ஒரு திறமைதான். நம் தருமபுரி அன்றைய தகடூர். அதியமானும் ஔவையும் என்றால் நாம் எல்லோரும் நெல்லிக்கனிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். அதே ஔவை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள். தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைக் காட்டினான். உன் ஆயுதங்கள் மாலை சூட்டி நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன, எங்கள் அரசனின் ஆயுதங்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் அவள் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. புகழ்வதைப் போலப் பேசி, போர் பழகாதவன் நீ என்று சொல்லிவிட்டாள். நேராகச் சொல்லாத அந்தப் பேச்சை ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ் உலகம் சரியாகவே புரிந்துகொண்டு வருகிறது. கேட்கிற காது இருந்தால் சுற்றிவளைத்த பேச்சும் துல்லியமாகவே போய்ச் சேரும் என்பதற்கு நம் மண்ணே சாட்சி.

உங்களிடம் நான் கேட்பது கைக்கு மீறிய காரியங்கள் அல்ல.

முதலில் அவளை உட்கார வையுங்கள், “வாங்க” என்று சொல்லுங்கள். அவள் எங்கே தொடங்குகிறாளோ அங்கேயே தொடங்க விடுங்கள். ஐந்து நிமிஷம் குறுக்கே பேசாமல் கேட்டால், எது முக்கியம் என்பது அவள் சொல்லும் வரிசையிலேயே விளங்கும். உங்களுக்கு வேண்டிய தேதியையும் இடத்தையும் அதன் பிறகு கேளுங்கள்.

கூட வந்த ஆணை வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவள் விரும்பினால் ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொள்ளட்டும். பதில் அவள் வாயிலிருந்தே வரட்டும்.

எழுதும்போது முக்கியமான சொற்களை அவள் சொன்னபடியே போடுங்கள். “தகாத வார்த்தை” என்று எழுதாமல், அவன் என்ன சொல்லித் திட்டினானோ அதை எழுதுங்கள். சொல்லக் கூசினால், அவள் கையில் பேனாவைக் கொடுங்கள். எழுதத் தெரியாதவளாக இருந்தால் ஒரு பெண்ணிடம் காதோடு சொல்லச் சொல்லுங்கள். “கையால் காட்டினார்” என்பதையும் எழுதுங்கள், “இந்த இடத்தில் பேச முடியாமல் அழுதார்” என்பதையும் எழுதுங்கள். சந்தை நாள் என்றால் சந்தை நாள் என்றே எழுதி, பக்கத்தில் தேதியைப் போடுங்கள். தட்டு, கட்டில், வாசற்படி, பக்கத்து வீட்டு அக்கா எதையும் விடாதீர்கள்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். “நான் இப்படிச் சொல்லலீங்க” என்று அவள் சொன்னால் கோபப்படாமல் திருத்துங்கள். கைநாட்டு வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. நகலை அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

செய்தியாளர்களுக்குத் தனியாக ஒன்று. காவல் நிலையத்திலிருந்து வரும் குறிப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். ‘உல்லாசம்’, ‘கள்ளக்காதல்’, ‘ஆசை வார்த்தை’ எல்லாம் குற்றம் செய்தவன் பக்கம் நின்று எழுதிய சொற்கள். நடந்ததை நடந்தபடி எழுதப் போதுமான தமிழ் உங்களிடம் இருக்கிறது.

உங்கள் வேலையின் சுமை எனக்குத் தெரியும். ஆள் பற்றாக்குறை, மேலதிகாரியின் அவசரம், முடியாத வரிசை, பழைய படிவம் எல்லாம் உண்மை. இந்த மடலைப் படிக்கும் அதிகாரிகள் அதையும் கவனிக்க வேண்டும். கேட்டு எழுத நேரம் தராமல் நல்ல எழுத்தை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு மகளிர் காவல் நிலையத்திலும் கதவு சாத்திய ஒரு தனி அறை, அங்கே நிதானமாக எழுத ஓர் ஆள், எழுதுகிறவர்களுக்கு வாச்சாத்தித் தீர்ப்பைப் பாடமாக வைத்து ஒரு நாள் பயிற்சி. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் இந்த வருஷமே செய்ய முடியும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாக நாம் இருந்தோம். எழுதத் தெரியாதவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் எழுதப் படித்து, தங்கள் மனுவைத் தாங்களே எழுதும் நாள் வரும். அதுவரை அவர்களுக்காக எழுதும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. அதில் உங்கள் நடையைக் காட்ட வேண்டாம். அவள் சொன்னதை, அவள் சொன்ன வரிசையில், அவள் சொன்ன சொல்லில் எழுதுங்கள். நீதி கிடைப்பதும் கிடைக்காததும் பிறகு பலர் கையில் இருக்கிறது. அவள் சொன்னது தாளில் இருப்பது உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது.

நம்பிக்கையுடன்,
உங்கள் மாவட்டத்துக்காரி ஒருத்தி